பேசோர் ஆற்றண்டையில் தங்கினவர்கள்



நம்ம கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர் தீப்பெட்டி என்பார், கடலைமிட்டாய் என்பார், அடுத்தபடி ஹாக்கி என்பார். மானாவாரிக் கரிசல் பூமி, குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நின்ற ஊர். இங்கேதான் பிள்ளைகள் விடியுமுன்னே மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறார்கள். (அதிகாலை ஜெபத்துக்கு நாம் அப்படி ஓடுகிறோமா, அதை அவரவர் சொல்லட்டும்.)

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் நம்ம ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். கார்த்தி செல்வமும் இருந்தார். அவர் அரியலூர்ப் பிள்ளை. ஆனால் கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகினவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது.

2023 ஆகஸ்ட் 12, சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் மலேசியா 3, இந்தியா 1. நாமாயிருந்தால் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்போம். முடிவில் இந்தியா 4-3 என்று ஜெயித்தது. கார்த்தியும் அந்த அணியில் ஒருவர்.

ஆனால் அடுத்த மாதம் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் போன அணியில் அவர் பெயர் இல்லை. அந்த அணி தங்கம் வாங்கியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் அவர் இல்லை. அது வெண்கலம் வாங்கியது.

வாலிபத் தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். செலக்‌ஷனில் பெயர் வரலைன்னு சாப்பிடாம படுத்திருக்கிறாயே, உன்னோடதான் பேசுகிறேன். "ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டார்"னு சொல்லுகிறாய். ஒரு லிஸ்டில் பேர் இல்லாததற்கும் ஆண்டவர் கைவிட்டதற்கும் என்ன சம்பந்தம்?

ஹாக்கியில் ஒரு வழக்கம் உண்டு, நீயே அறிவாய். களத்தில் பதினொரு பேர்; மற்றவர்கள் வெளியே பெஞ்சில். முன்னணி ஆட்டக்காரன் சில நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடுவான், பிறகு வெளியே வருவான், வேறொருவன் உள்ளே போவான். பெஞ்சில் ஆளில்லாத அணி கடைசிப் பதினைந்து நிமிஷம் மூச்சு வாங்கியே தோற்றுப்போகும்.

1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பார். அமலேக்கியரைத் துரத்தித் தாவீதோடு போனவர்கள் 600 பேர். பேசோர் ஆற்றண்டையில் 200 பேருக்குக் கால் ஓயவில்லையா? அவர்கள் நின்றுவிட்டார்கள். 400 பேர் போய், எல்லாவற்றையும் மீட்டுத் திரும்பினார்கள். அப்போது சிலர், "கூட வராதவனுக்கு எதுக்குப் பங்கு? பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்கிற தோரணையில் பேசினார்கள். வேதம் அவர்களைத் துன்மார்க்கர் வரிசையில் வைக்கிறது. தாவீதோ, யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைகளண்டை இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்த்து, அதை இஸ்ரவேலிலே கட்டளையாகவே ஏற்படுத்திவிட்டான். அவன் முதலாவது அந்த 200 பேரிடம் போய்ச் சுகம் விசாரித்ததையும் கவனி.

தகப்பன்மாரே, தாய்மாரே, நம் வீடுகளில் அந்த 400 பேரின் பேச்சுதானே கேட்கிறது? "அவன் போயிட்டான், நீ என்ன கிழிச்சே?" இன்று சாயங்காலம் பையன் மட்டையோடு வாசலில் வந்து நிற்கும்போது எத்தனை கோல் என்று கேட்காதிருங்கள். "கால் வலிக்குதாய்யா, வா, சாப்பிடு" என்று கூப்பிடுங்கள்.