மையா, மட்டையா?

"ஐயா, இது உண்மையா?"

கேட்டவன் நம் வகுப்பு மாணவன். கடலூர் முதுநகர்ப் பிள்ளை. தந்தை துறைமுகத்திலே கூலிக்கு உழைப்பவர். மகனுக்கோ மேசைப்பந்தாட்டத்திலே மாளாத காதல். அவன் நீட்டிய கைப்பேசியில் ஒரு படம்: சிவப்பு ரப்பர் ஒட்டிய மட்டை, அதன்மீது கறுப்பு மையில் ஒரு கையொப்பம். சரத் கமல் இட்டது என்கிறான் விற்பவன். விலை 9,000 ரூபாய். ஈராண்டாகச் சேர்த்த பணம் ஏறத்தாழ அவ்வளவு இருக்கிறதாம் பையனிடம். அவன் ஆடும் மட்டையிலோ ரப்பர் ஓரமெல்லாம் உரிந்து தொங்குகிறது!

சரத் கமல் யார் என்று இளைஞர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்னையிலே பிறந்தவர், 10 முறை நாட்டின் சாம்பியன், 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் தங்கம், 16 ஆண்டுகள் கழித்து, 40 வயதிலே, பர்மிங்காமில் மீண்டும் அதே ஒற்றையர் தங்கம். 2025-இல் சென்னையிலேயே ஆடி ஓய்வு பெற்றார். போற்றத்தக்க உழைப்பு, மறுப்பார் யார்? ஆனால் நம் மாணவன் விலை பேசுவது அந்த உழைப்பையா, அரை அங்குல மையையா?

ஆராய்வோம் வா, தம்பி, என்றோம்.

மட்டை செய்யும் நிறுவனங்கள், புகழ்பெற்ற ஆட்டக்காரரின் கையொப்பத்தை மட்டையிலே அச்சிட்டே விற்பதுண்டு. அச்சு வேறு, கை வேறு. உருப்பெருக்கியில் பார்த்தால், பேனாவின் கோடு ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் மெலியும். அச்சுக்கோடு அப்படி மூச்சு வாங்காது. ரப்பரின் மேலிட்ட ஒப்பம் மங்காமல் மின்னுகிறது என்றால், ஒப்பமிட்ட பின் அந்த மட்டை பந்தை அடிக்கவேயில்லை என்று பொருள். அவர் ஆடிய மட்டை என்பது ஒரு செய்தி. அவர் ஒப்பமிட்ட மட்டை என்பது வேறொரு செய்தி. விற்பவன் இரண்டையும் ஒன்றாக்கி விலையை ஏற்றுகிறான்.

பந்தென்றால் சோதனை இன்னும் எளிது. 1971-இல் அமெரிக்க ஆட்டக்காரர் சீனம் சென்றனரே, அந்நாளில் ஒப்பமிட்ட பந்து என்று ஒருவன் கொண்டுவரட்டும், அளந்து பாருங்கள். அன்றைய பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டர். அது 40 ஆனது 2000-இல்; செல்லுலாயிட் விலகிப் பிளாஸ்டிக் புகுந்தது 2014-இல். விற்பவன் நா பொய் சொல்லும். பந்தின் குறுக்களவு சொல்லாது!

சான்றிதழ் இருக்கிறதே என்றான் பையன். யார் கொடுத்தது? விற்பவனே! தன் வழக்குக்குத் தானே நீதிபதி. அமெரிக்காவிலே 1990-களின் இறுதியில், எஃப்.பி.ஐ. போலிக் கையொப்பக் கும்பலை வளைத்தபோது, அன்னை தெரசா ஒப்பமிட்டதாகக் காட்டும் பேஸ்பால் பந்துகளும் அகப்பட்டன. அன்னைக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன உறவு என்று எவரும் கேட்கமாட்டார் என்று எவ்வளவு உறுதியாக நம்பியிருக்கிறான் அந்தப் போலிக்காரன்!

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "நான் கண்டுபிடிக்கவே முடியாத பொய்யாக இருந்தால்? சுவரிலே மாட்டி நாள்தோறும் பார்த்து மகிழ்வேன். அந்த மகிழ்ச்சி உண்மைதானே ஐயா?"

திடுக்கிட்டோம். இந்தக் கேள்வியை நாம் முன்பே கேட்டிருக்கிறோம், வேறொரு வாயிலிருந்து. அண்ணாமலை நகரிலே பயின்ற நாளில், சிதம்பரம் கீழவீதியில் ஒரு பெரியவர் கதை சொன்னார். மாணிக்கவாசகர் பாடப் பாட, தில்லைக் கூத்தனே ஆளுருவில் வந்து ஏட்டில் எழுதிக்கொண்டானாம். முடிவிலே தன் ஒப்பமும் இட்டு, சிற்றம்பலப் படியிலே வைத்துவிட்டு மறைந்தானாம். அந்த ஏடே இது என்று புதுச்சேரி அம்பலத்தாடையார் மடத்திலே ஒரு சுவடியைப் போற்றிவருகின்றனர். அதற்குச் சான்று என்ன என்றோம் பெரியவரிடம். "நம்பினால் மனத்துக்கு நிறைவு, தம்பி, சான்று எதற்கு?" என்றார் அவர்.

திருவாசகத்துக்கு அந்த ஒப்பம் எதைக் கூட்டிற்று? 1900-இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப் கிறித்தவப் பாதிரியார். கூத்தனின் கையொப்பத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வழியில்லை. சொல்லிலே தோய்ந்தார், பெயர்த்தார். ஒப்பத்தை நீக்கினாலும் பாட்டு நிற்கிறது. பாட்டை நீக்கினால் ஒப்பம் எதற்கு?

மகிழ்ச்சி உண்மைதான், தம்பி, என்றோம். ஆனால் அது எதைப் பற்றிய மகிழ்ச்சி? அவர் கை பட்டது என்பதைப் பற்றியது. கை படவில்லையென்றால், இல்லாத ஒன்றன்மீது கட்டிய மாடம் அது. எவரும் ஒரு கேள்வி கேட்டுவிடாமல் இருக்கும் வரைதான் அது நிற்கும். கேள்விக்கு அஞ்சும் இன்பத்தைக் காசு கொடுத்து வாங்குவதா?

உண்மையான ஒப்பமே என்றால்? அதையும் நேர்மையாகப் பார்க்கத்தான் வேண்டும். அவர் எதிரே நின்று, நடுங்கும் கையால் மட்டையை நீட்டி, ஒப்பம் பெற்றவனுக்கு அது விலைமதிப்பற்றது. நம் தந்தையார் எழுதிய கடைசி அஞ்சலட்டையை நாமும்தான் எறியவில்லை. ஆனால் அந்த நினைவு கைமாறாது. விற்கும்போது மட்டை போகிறது, மை போகிறது. எதிரே நின்ற நாள் விற்றவனிடமே தங்கிவிடுகிறது.

காந்தியார் கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் பெற்றுத் தாழ்த்தப்பட்டோர் நிதியில் சேர்த்தார். பெரியாரும் கட்டணம் பெற்றே கையொப்பமிட்டார். பணம் இயக்கத்துக்குச் சென்றது. அங்கே மை என்பது நன்கொடைக்குத் தந்த பற்றுச்சீட்டு, மந்திரமல்ல.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் சென்னைப் பெண் பவானி தேவி. அவர் ஒப்பமிட்டுத் தலைமையமைச்சருக்கு அளித்த வாள், 2021-இல் அரசின் ஏலத்திலே ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் போயிற்று. போலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பணமும் கங்கையைத் தூய்மையாக்கும் திட்டத்துக்கு. ஆனால் அவர் பயிலத் தொடங்கிய நாளில், வாள் விலை மிகுதி என்று மூங்கிற்குச்சியால் பழகியவர்! புகழ் வந்தபின் ஒரு வாளுக்குக் கோடி. கை வளர்ந்த காலத்திலே குச்சி.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான் மாணவன். நாமும் வற்புறுத்தவில்லை, பணம் அவனுடையது.

பத்து நாள் கழித்து, மாலையிலே, பள்ளி மேசையருகே நின்றான். பழைய மட்டைதான், இருபுறமும் புது ரப்பர். பாக்கிப் பணம் என்னாயிற்று என்றோம். ஒரு பெட்டிப் பந்து வாங்கினானாம். மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். "ஓர் ஆட்டம் ஆட வாருங்கள் ஐயா" என்றான்.

11-4. தோற்றது நாம்தான்.