மணப்பெண்ணின் கையெழுத்து

இலங்கையில் ஒரு முஸ்லிம் விவாகம் பதிவாகிறது. மாப்பிள்ளை கையெழுத்திடுகிறார். பெண்ணின் வலீயாக (பொறுப்பாளராக) நிற்கும் தகப்பனோ சகோதரனோ கையெழுத்திடுகிறார். மணப்பெண்ணின் கையெழுத்தை 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கேட்கவில்லை. காதி (முஸ்லிம் விவாக நீதிபதி) அனுமதித்தால் 12 வயது நிரம்பாத சிறுமியின் விவாகத்தையும் அச்சட்டப்படி பதியலாம். அந்தக் காதி ஆணாகவே இருக்க வேண்டும்.

இது அல்லாஹ்வின் சட்டமா, மனிதர் எழுதியதா?

புத்தளத்திலிருந்து இந்தச் சட்டத்தை மாற்றக் கோரி வருபவர்களில் முக்கியமானவர் ஜுவைரியா மொஹிதீன். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தவர். அன்று மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெண்கள் சீதனமாகப் பெற்ற வீடுகளும் ஊரோடு பறிபோயின. ஜுவைரியாவின் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நிதியம், தாபரிப்புக்கும் விவாகரத்துக்கும் காதி நீதிமன்றத்தில் அலையும் பெண்களுக்குத் துணை நிற்கிறது.

சீர்திருத்தம் என்றதும் மார்க்கத்தில் கைவைப்பதாகக் குரல் எழும். ஆனால் இச்சட்டத்தின் பூர்வீகம் என்ன? 1770இல் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த கோவை, 1806இல் ஆங்கிலேயர் பிறப்பித்த முகம்மதியச் சட்டக்கோவை, பிறகு கொழும்பில் நாடாளுமன்றம். வஹீ இறங்கிய இடங்கள் அல்ல இவை.

மார்க்கத்துக்குள்ளேயே ஒரே விடை கிடையாது. வலீ இல்லாமல் பெண்ணின் நிகாஹ் செல்லாது என்கிறது இலங்கையர் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப். வயதுவந்த பெண் தன் நிகாஹைத் தானே முடிக்கலாம் என்கிறது ஹனஃபி மத்ஹப். கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பன் மணமுடித்துக் கொடுத்தபோது, நபிகள் நாயகம் அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள் என்று புகாரி பதிந்திருக்கிறது. பெண்ணின் சம்மதத்துக்கு அங்கே இருந்த மதிப்பு, புத்தளத்துப் பதிவேட்டில் மட்டும் எப்படிக் குறையும்?

பெண் காதி விஷயமும் அப்படியே. பாலஸ்தீனம் 2009இலும், ஷாஃபி மத்ஹப் வேரூன்றிய மலேசியா 2010இலும் ஷரீஆ நீதிமன்றங்களுக்குப் பெண் நீதிபதிகளை நியமித்தன. இலங்கையில் இச்சட்டத்தின் சீர்திருத்தத்தை ஆராய 2009இல் அமைத்த சலீம் மர்சூஃப் குழு, 2018இல் அறிக்கை கொடுத்தபோது இரண்டாகப் பிரிந்திருந்தது. மர்சூஃப் தரப்பு பெண் காதிகளை ஏற்றது, ஃபாயிஸ் முஸ்தபா தரப்பு மறுத்தது. இரு தரப்பும் வாதிட்டது ஷரீஆவின் பெயரால்தான். ஜுவைரியாவும் தோழியரும் அந்த விவாதத்தில் தங்களுக்கும் ஓர் இடம் கேட்கிறார்கள்.