விரும்பிச் செய்வதை விற்கலாமா?

மனத்துக்குப் பிடித்த ஒரு வேலையை வீட்டிலிருந்தே தொழிலாக்கிக்கொள்வது பற்றிப் பேசும்போது முதல் எவ்வளவு, உரிமம் வேண்டுமா, ஆர்டர் எங்கிருந்து வரும் என்றுதான் பேச்சு போகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. பிடித்ததால் செய்துவந்த வேலைக்கு விலை வைத்த பிறகும் அது அதே வேலையாக இருக்குமா? கிரேக்கச் சிந்தனை, பௌத்தம், வீரசைவம், தமிழ்ச் சைவம் ஆகிய நான்குமே இந்தக் கேள்வியைத் தத்தம் வழியில் தொட்டிருக்கின்றன. அவை தரும் விடைகள் ஒன்றல்ல.

கைமுறுக்குச் சுற்றுவதில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணிமேல் பரப்பி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்துச் சலிக்க வேண்டும். வறுத்தரைத்த உளுத்தமாவு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்து, தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைய வேண்டும். மாவு காய்ந்தால் இழை அறுந்துவிடும், இளகினால் முறுக்கு நிற்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றிப் போகும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று கைப்பழக்கத்துக்கு ஏற்ப வட்டம் விரியும். தீபாவளிக்கு வீட்டுக்காகச் சுற்றும்போது, சரியாக வந்திருக்கிறதா என்று தீர்மானிப்பது சுற்றுகிறவரின் கண். கல்யாணச் சீருக்கு முந்நூறு முறுக்கு, வியாழக்கிழமைக்குள், எல்லாம் ஒரே அளவில் என்று ஆர்டர் வந்துவிட்டால் கை அதையேதான் செய்கிறது. ஆனால் கண் எண்ணிக்கைக்கும், உடைந்ததற்கும், எண்ணெய் விலைக்கும் போய்விடுகிறது. அளவுகோல் செய்கிறவரிடமிருந்து வாங்குகிறவரிடம் கைமாறிவிட்டது.

அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் முதல் பகுதியில் இந்தக் கைமாற்றத்தைச் செருப்பை வைத்து விளக்குகிறார். செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளலாம், அல்லது கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் செருப்பின் பயன்தான் என்றாலும், மாற்றிக்கொள்வதற்கென்று அது உண்டாகவில்லை என்பதால் இரண்டாவது அதற்கு உரிய பயன் அல்ல என்கிறார். குடும்பத்துக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு, பணத்துக்காகவே பணம் தேடுவதற்கு எல்லை கிடையாது என்பதுதான் அவருடைய கவலை. அதே அரிஸ்டாட்டில் அறநூலில் இன்னொன்றும் சொல்கிறார்: கைவினைஞர் தாம் செய்த பொருளை, பெற்றவர் பிள்ளையை நேசிப்பதுபோல் நேசிக்கிறார், கவிஞரிடம் இது எல்லை மீறியே இருக்கிறது. விற்பவரின் மனச் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடைப்பது அரிது.

இமானுவேல் காண்ட் 1790இல் கலையையும் கைத்தொழிலையும் இன்னும் கறாராகப் பிரித்தார். கலை விளையாட்டைப் போலத் தன்னளவிலேயே இனிமையானது. கைத்தொழில் தன்னளவில் சுமை, கூலி ஒன்றுதான் அதில் ஆளை ஈர்ப்பது. இந்தப் பிரிவினை நடப்புக்குப் பொருந்தவில்லை. சக்கரத்தின்முன் உட்கார்ந்த குயவரும், ஆரி ஊசியோடு சட்டத்தின்முன் உட்கார்ந்தவரும் கூலிக்காகவும் செய்கிறார்கள், வேலையின் சுகத்துக்காகவும் செய்கிறார்கள். எந்த நேரத்தில் எது மேலோங்கி இருக்கிறது என்பதை அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் காண்டின் ஐயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு பெற்ற அந்தக் குழந்தைகள் சில நாள் கழித்து, யாரும் எதுவும் தராத நேரத்தில், முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். இந்த ஆய்வை எடுத்துக்காட்டுவோர் பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் மறுபாதிதான் முக்கியமானது: முன்னறிவிப்பு இல்லாமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவே இல்லை. ஆசையைக் குறைத்தது பரிசல்ல, ‘இதைச் செய்தால் இது’ என்ற முன்பேச்சு.

வீட்டுத்தொழிலில் இந்த வேறுபாடு அன்றாடம் தென்படுகிறது. ஒன்று, செய்து வைத்துவிட்டு விற்பது. மற்றது, சொன்னபடி செய்து கொடுப்பது. கொலு பொம்மை செய்கிறவர் மாதக்கணக்கில் தம் மனம்போல் வார்த்து, வண்ணம் தீட்டி, நவராத்திரி நெருங்கும்போது விலைக்கு வைத்தால் பொம்மையின் முகத்தைத் தீர்மானித்தவர் அவரே. வாங்குகிறவர் வேண்டும் அல்லது வேண்டாம் என்கிறார், அவ்வளவுதான். நிறம், அளவு, நாள் எல்லாம் வாங்குகிறவர் சொல்லி நடக்கும்போது நிலைமை வேறு. வருமானத்துக்கு உறுதி இரண்டாவதில்தான் அதிகம். அதனாலேயே பிடித்த வேலையைத் தொழிலாக்கியவர்கள் முதலாவதில் தொடங்கி, தம்மை அறியாமல் இரண்டாவதில் போய் நிற்கிறார்கள்.

இந்தச் சிக்கலே வேண்டாம் என்று விலகியவர்களும் உண்டு. இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் கொரிந்து நகரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழிலைச் செய்ததாக அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. தாம் உயிராக மதித்த செய்தியை விலையில்லாமல் தர வேண்டும் என்பதற்காக அவர் கூடாரத்தை விற்றார். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து 1656இல் விலக்கப்பட்ட தத்துவவாதி ஸ்பினோசா பின்னாளில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்தார். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் 1673இல் தத்துவப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தபோது, தம் சிந்தனைச் சுதந்திரத்துக்கு வரம்பு வந்துவிடும் என்று மறுத்துவிட்டார். ஒன்றை விற்று மற்றொன்றைக் காப்பாற்றும் இந்த வழி கௌரவமானது. இன்றும் பகலில் கணக்கு எழுதிவிட்டு இரவில் வீணை வாசிப்பவர் தோற்றுப்போனவர் அல்லர்.

எனினும், விரும்பியதையே தொழிலாக்கும் ஆசையைப் பேராசை என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. இந்தியச் சூழலில் அதற்குத் தனிக் கனம் உண்டு. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், தன் கருமத்தில் ஈடுபட்டவன் அந்தக் கருமத்தாலேயே இறைவனை வழிபட்டுச் சித்தி அடைகிறான் என்கிறது. வேலையை வழிபாடாக உயர்த்திய அதே அத்தியாயம் வேலைகளை வருணத்தின்படி பிரித்தும் வைக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்த இடத்தைத்தான் குறிவைத்தார். சாதி வகுத்த வேலைப் பிரிவினையில் தனிமனித விருப்பத்துக்கு இடமே இல்லை, மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் திறமை எப்படி வரும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. குயவர் மகன் குயவராகவே இருக்க வேண்டும், நெசவாளர் மகள் தறியிலேயே உட்கார வேண்டும் என்றிருந்த நாட்டில், ‘எனக்கு இது பிடிக்கிறது, இதையே செய்து பிழைக்கிறேன்’ என்று ஒரு பெண் சொல்வது சின்ன விஷயமல்ல. சமையல் சார்ந்த தொழிலில் இந்தச் சுதந்திரம் இன்னும் முழுதாக வரவில்லை. பண்டத்தின் ருசியைக் கேட்காமல், எந்தச் சாதி வீட்டு அடுப்பில் ஆனது என்று கேட்டு வாங்குவோர் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகத் தம் சாதிப் பெயரையே விளம்பரத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை வியாபார உத்தி என்று விட்டுவிட முடியாது, விருப்பத்தின் வாசலை மற்றவர்களுக்கு அடைக்கும் செயல் அது.

அடுத்தது விலை. தத்துவ ஆசிரியர்களில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கியவர்களில் ஒருவரான புரோட்டகோரஸ், கற்றது எவ்வளவு பெறும் என்று மாணவரையே மதிப்பிடச் சொல்லி அதை வாங்கிக்கொண்டார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் கடீகாரர் என்னும் குயவர் வருகிறார். அவர் தாமாக மண்ணைத் தோண்டுவதில்லை. கரையிலிருந்து சரிந்து விழுந்ததையும் எலி பறித்துப் போட்டதையும் எடுத்து வந்து பாண்டம் செய்வார். அரிசியோ பயறோ வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவார். அதில் தாமும் உண்டு, பார்வையிழந்த முதிய பெற்றோரையும் காப்பாற்றினார். பௌத்தம் விலக்கச் சொன்ன வணிகங்கள் ஐந்துதான்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. மற்றபடி வாணிகம் அதற்கு இழிவானதல்ல. வரவையும் செலவையும் தராசு பிடிப்பவரைப்போல் அறிந்து நடக்கச் சொல்லும் உபதேசமும் அதில் உண்டு.

கடீகாரரின் கதை அழகானது. அதை வீட்டுத்தொழில் செய்யும் பெண்களுக்கு அப்படியே முன்மாதிரியாக்குவதுதான் ஆபத்து. ‘வீட்டுல சும்மாத்தானே இருக்கே’ என்ற பேச்சும், ‘நமக்குள்ள என்ன காசு’ என்ற உறவும் ஏற்கெனவே அவர்களுடைய விலையை அறுத்துக்கொண்டிருக்கின்றன. மாவு, எண்ணெய், கேஸ், டப்பா எல்லாவற்றையும் கணக்கில் போட்டுவிட்டுத் தம் கைக்கூலியை மட்டும் போடாமல் விடுகிறவர்கள் ஏராளம். பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலி கேட்பது ஏதோ குறை என்ற எண்ணம் அதற்கு அடியில் இருக்கிறது. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள், பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதை வாணிகத்தின் இயல்பாகச் சொல்கிறது. பிறர் பொருளுக்கு அளவாகத் தம் பொருளையே அது வைப்பதால், தம் பொருளைப் பேணாமல் விடுவது நடுவுநிலை ஆகாது. தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர் விலையைத் தாழ்த்தும்போது, அதே தெருவில் அதே வேலையைச் செய்து பிழைக்கிற இன்னொருவரின் கூலியும் தாழ்கிறது.

திருநெல்வேலிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களும் வீட்டில் இருந்துதான் உழைக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது அவர்கள் கூலி. என்ன செய்வது, எப்படிச் செய்வது, எவ்வளவுக்கு விற்பது என்ற எதுவும் அவர்கள் கையில் இல்லை. வீட்டில் செய்யும் வேலை பற்றிய 1996ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையும், சுயேச்சையாகத் தொழில் நடத்துகிறவரையும் பிறருக்காக வீட்டில் உழைக்கிறவரையும் பிரித்தே பார்க்கிறது. பிடித்த வேலை என்று தொடங்கியவர், ஒரே ஒரு கடைக்கு மட்டும் செய்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் இந்தக் கோட்டைத் தாண்டிப் பீடி சுற்றுபவரின் பக்கம் வந்துவிடுகிறார்.

பம்பாய் கிர்காவ் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் இதற்கு வேறொரு விடை கண்டது. பிசைந்த மாவைக் கிளையிலிருந்து வாங்கிப் போய் வீட்டில் தேய்த்து, உலர்த்திக் கொண்டுவருகிற பெண்களே அதன் உரிமையாளர்கள். நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள்.

எவ்வளவு போதும் என்ற கேள்வியை நேராக எடுத்தவர்கள் 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் பசவண்ணரைச் சூழ்ந்திருந்த வீரசைவ அடியார்களான சரணர்கள். அவர்களுக்கு உடலுழைப்பே கைலாசம், அந்த உழைப்பில் வருவதைப் பகிர்ந்து உண்பது கடமை. சிந்திய அரிசியைப் பொறுக்கிச் சேர்ப்பது ஆய்தக்கி மாரய்யாவின் வேலை. ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தபோது, அவர் மனைவி லக்கம்மா, இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கடிந்து, மிகுந்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டிவரச் சொன்னார். இன்னொரு சமயம் மாரய்யா தத்துவப் பேச்சில் மூழ்கி வேலைக்குப் போகாமல் இருந்ததற்கும் அவர் கண்டித்ததுண்டு. குறைவாக உழைத்ததையும் அளவுக்கு மீறிச் சேர்த்ததையும் ஒரே ஆள் ஒரே கண்டிப்போடு பார்த்ததில்தான் லக்கம்மாவின் பெருமை இருக்கிறது. ஆர்டர்கள் பெருகி, இரவு இரண்டு மணிவரை அடுப்பு எரிந்து, பிள்ளைகளின் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் குலைந்துபோன வீடுகளில் அவருடைய கேள்விக்கு இன்றும் வேலை இருக்கிறது. கடைக்கு ஷட்டர் உண்டு, வீட்டுக்குக் கிடையாது. எந்த ஆர்டரை மறுப்பது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

தமிழ்ச் சைவம் இதற்குமேல் இன்னொன்றைச் சேர்க்கிறது. சேக்கிழார் சொல்லும் நேச நாயனார் காம்பீலியில் வாழ்ந்த நெசவாளர். மனத்தைச் சிவனுக்கும் நாவை ஐந்தெழுத்துக்கும் கொடுத்து, கைத்தொழிலை அடியார்களுக்கு ஆடை நெய்து தருவதற்கு ஆக்கியவர். தில்லைக் குயவர் திருநீலகண்டர் அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்தார். பாண்டம் செய்வது அவருடைய குலத்தொழில், திருவோடு கொடுப்பது அவருடைய தொண்டு. விற்பதும் கொடுப்பதும் ஒரே கையில் வர முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. கொடுத்த பங்கில் வாங்குகிறவரின் அளவுகோல் நுழைவதில்லை, அங்கே செய்கிறவரின் கண்ணே தீர்ப்புச் சொல்கிறது. விரும்பிய வேலையைத் தொழிலாக்கியவருக்கு இப்படி ஒரு விற்காத பங்கு வேண்டும். பாட்டு வகுப்பு எடுப்பவர் ஒரு பிள்ளைக்குக் கட்டணமில்லாமல் சொல்லித் தரலாம். பொம்மை செய்பவர் வருஷத்துக்கு ஒன்றை யாரும் கேட்காத உருவத்தில் தமக்காக வார்க்கலாம். பங்கு சிறியதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அதையும் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் மாதிரியாகப் போட்டுவிட்டால், அன்றே அது விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிடும்.