நீந்துவதும் கரையேற்றப்படுவதும்

பிறவியைக் கடலாகவும் வீடுபேற்றைக் கரையாகவும் கொண்டு பேசுவது தமிழ்ச் சமய மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான வழக்காகும். அக்கடலைக் கடக்கும் உயிர் தன் முயற்சியால் கடக்கிறதா, அல்லது தன்னினும் மேலான ஒன்றின் அருளால் கடத்துவிக்கப்படுகிறதா என்னும் வினா இவ்வழக்கோடு உடன்பிறந்தது. திருக்குறளின் பத்தாவது குறள் இரண்டுக்கும் இடம் தருகிறது. நீந்துதல் என்னும் தொழிலை மனிதர்க்கு உரியதாக வைத்துவிட்டு, இறைவன் அடியைச் சேராதார்க்கு அது கைகூடாது என்று வரம்பும் கட்டுகிறது. தொழில் ஒருவனுடையதாகவும் அதன் நிறைவேற்றம் மற்றொன்றைச் சார்ந்ததாகவும் இருந்தால், கடந்த புகழ் யாருக்கு உரியது என்பதைச் சமய ஆசிரியர்கள் நூற்றாண்டுகளாக வாதித்து வந்துள்ளனர்.

மலாக்காத் தமிழர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 1781ஆம் ஆண்டில் டச்சுக்காரர் ஆட்சியில் எழுந்த, ஜாலான் துக்காங் எமாசிலுள்ள பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமான் ரதமேறிச் செங் என்னும் ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு எழுந்தருளும் மாசி மகத் திருவிழா, நகரத்தாரும் தோட்டப்புறத்தாரும் ஒருங்கே கூடும் விழாவாகும். கடலில் கட்டுண்டு கிடந்த வருணனைச் சிவபெருமான் விடுவித்த நாளாகப் புராண மரபு மாசி மகத்தைக் கொண்டாடுகிறது. கட்டுண்டவனால் நீந்த முடியாது. எனவே அக்கதை அருளின் பக்கம் நிற்கிறது. ஆனால் அதே விழாவுக்கு நோன்பிருந்து, நேர்த்திக்கடன் சுமந்து நடந்து வருபவர் செய்வது முயற்சியே. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய, நீந்துதலையே தொழிலாகப் பகுத்து, ஒவ்வோர் அசைவுக்கும் பெயரும் விதியும் வகுத்துள்ள போட்டி நீச்சலின் சொற்கள் எதிர்பாராத துணையாகின்றன. 1908இல் ஃபினா என்னும் பெயரில் தொடங்கி, இன்று வேர்ல்ட் அக்குவாட்டிக்ஸ் எனப்படும் உலக அமைப்பின் விதிகள், நீச்சல்காரனுக்கு உரியது எது, அல்லாதது எது என்பதைத் துல்லியமாகப் பிரித்துக் காட்ட முயல்வனவாகும்.

எல்லாப் பிரிவுக்கும் முன்னதாக நிற்பது மிதத்தல். மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலோர் நீர்மேல் மிதப்பர். அஞ்சிக் கைகாலை உதறுபவரே விரைந்து மூழ்குவர். ஆகவே மிதத்தல் எவருடைய சாதனையும் அன்று; அதற்கு எந்தப் போட்டியிலும் நேரம் குறிக்கப்படுவதில்லை. அதன்மேல்தான் நீச்சல்காரனின் தொழில் தொடங்குகிறது. கைகளை நீட்டி உடலை அம்புபோல் ஒடுக்கி வைத்துக்கொள்வதை ஸ்ட்ரீம்லைன் என்றும், முன்நீட்டிய கை நீரைப் பற்றிக்கொள்வதைக் கேட்ச் என்றும், பற்றிய நீரைப் பின்னோக்கி இழுத்து உடலை முன்செலுத்துவதைப் புல் என்றும் பயிற்றுநர்கள் கூறுவர். இம்மூன்றிலும் முதலாவது நீரின் எதிர்ப்பைக் குறைப்பதற்காகவும், மற்ற இரண்டும் அதே எதிர்ப்பைப் பயன்கொள்வதற்காகவும் அமைந்தவை. வேகம் இரட்டித்தால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும்; ஆயினும் எதிர்ப்பே இல்லாத நீரில் கைக்குப் பிடிப்பு இராது, பிடிப்பின்றி முன்னேற்றமும் இராது.

தாங்குவதும் தடுப்பதும் ஒரே பொருள் என்னும் இவ்வுண்மைக்கு நேரான கருத்து சைவ சித்தாந்தத்தில் உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை முதனூலாகக் கொண்ட அம்மரபு, உயிரை ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்று மலங்கள் பிணித்திருப்பதாகச் சொல்லுமிடத்து, அம்மலங்களின் வழியே நின்று அவற்றைத் தொழிற்படுத்திப் பக்குவப்படுத்தும் இறைவனது ஆற்றலைத் திரோதான சக்தி, அதாவது மறைத்தலைச் செய்யும் சக்தி எனப் பெயரிடுகிறது. மலத்தோடு கூடி நிற்பதால் அதையும் ஒரு மலமாக எண்ணும் வழக்கு உண்டெனினும், உயிர் பக்குவம் எய்தியபின் அதுவே அருட்சக்தியாக வெளிப்படுகிறது என்பதே கொள்கை. எனவே அருள் என்பது முயற்சி தோற்ற இடத்தில் வெளியிலிருந்து வந்து சேரும் உதவி மட்டுமன்று; முயற்சி எதை எதிர்த்துப் போராடுகிறதோ, அதற்குள்ளேயே அது முன்னமே இருந்து செயற்படுகிறது. நீந்துபவன் நீரை வென்றதாக நினைப்பது, தன்னைத் தாங்கியதை அறியாமையே ஆகும்.

அடுத்து நோக்கத்தக்கது தடம். எட்டுத் தடங்கள் கொண்ட குளத்தில், தகுதிச் சுற்றில் மிகக் குறைந்த நேரத்தில் நீந்தியவருக்கு இறுதிச் சுற்றில் 4ஆம் தடமும், அடுத்தவருக்கு 5ஆம் தடமும், பின்னர் 3, 6, 2, 7, 1, 8 என்னும் வரிசையில் ஏனையோருக்கும் இடம் ஒதுக்கப்படும். இதனைச் சீடிங் என்பர். முன்செய்த நீச்சல் இன்று நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் இன்றைய நீச்சலின் முடிவைத் தீர்மானிப்பதில்லை. வினைக்கொள்கை இதே பகுப்பை உடையது. ஈட்டி வைத்த வினை சஞ்சிதம் என்றும், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம் என்றும், நுகருங்கால் புதிதாக ஈட்டுவது ஆகாமியம் என்றும் வழங்கும். தடம் பிராரத்தம் போன்றது. அத்தடத்தில் நீந்துவது ஆகாமியம். திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலியையும், 62ஆம் அதிகாரத்தில் ஊழ் கைவிட்டாலும் கூலி தரும் ஆள்வினையையும் வைத்திருப்பது முரண்பாடன்று என்பது இப்பகுப்பால் விளங்கும்.

எனினும் இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. போட்டிக் குளத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் தடம் அவரே நீந்திய நேரத்தால் வந்தது. ஆனால் குளத்துக்கே வராதவருக்குத் தடமும் இல்லை, நேரமும் இல்லை. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் 1896இல் ரப்பர் பயிரிட்ட பின்னர், ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் பரவிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தனர். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது பெயர் கூப்பிடும் திடலில், நின்று வேலைக்காட்டுக்குச் செல்லும் பெற்றோர், அதே விடியற்காலையில் பிள்ளையை நகரத்து நீச்சல்குளத்துக்கு அழைத்துச் செல்வது இயலாத காரியம். தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றிலும் குட்டையிலும் நீந்தக் கற்றனர். கயா பெபாஸ், குவாக் டாடா, குவாக் லெந்தாங், குவாக் குப்பு-குப்பு என்று மலாய் மொழியில் வழங்கும் நால்வகை நீச்சலையும் முறையாகப் பயில அங்கே குளமும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. 2010ஆம் ஆண்டின் சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுப் போட்டிகள் மலாக்காவிலேயே நடந்தபோதும், போட்டி நீச்சல் என்பது குளத்துக்கு அருகில் வாழ்வோர்க்கே எளிதில் எட்டும் விளையாட்டாக இருந்தது. இந்நிலையை முன்வினை எனச் சொல்லி அமைதி காண்பது வினைக்கொள்கையைத் தவறாகப் பொருத்துவதாகும். வினைக்கொள்கை ஒருவன் தன் செயலுக்குத் தான் பொறுப்பேற்கச் சொல்வதேயன்றி, பிறனுடைய குறையை அவனுடைய தகுதியாக அளந்து விலகிச் செல்ல உரிமை தருவதன்று.

முயற்சியின் எல்லையைப் போட்டி விதிகள் எங்கே வரைகின்றன என்பதற்கு 2009 ஒரு சிறந்த சான்று. அவ்வாண்டு ரோமில் நடந்த உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. பாலியூரித்தேன் கலந்த நீச்சலுடைகள் உடலை இறுக்கி, மிதப்பைக் கூட்டி, எதிர்ப்பைக் குறைத்தமையே அதற்குப் பெருங்காரணம் எனக் கருதப்பட்டு, 2010 சனவரி முதல் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. நீர் தரும் மிதப்பு அனைவர்க்கும் பொது என்பதால் அதை எவரும் குறைசொல்லவில்லை. ஆனால் உடை தந்த மிதப்பைத் தம் வேகமாகக் கணக்கெழுதுவது நேர்மையன்று என்று விதி கண்டது. தனக்கு வாய்த்ததைத் தான் செய்ததாக எண்ணும் மயக்கத்தைச் சித்தாந்திகள் ஆணவத்தின் செயலாகக் கூறுவர். விளையாட்டு அமைப்பு அதே மயக்கத்தைத் துணியின் வழியே கண்டுபிடித்தது எனலாம்.

அளவையின் எல்லையையும் அவ்வமைப்பு ஒப்புக்கொண்டுள்ளது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், நால்வகை நீச்சலையும் ஒருவரே அடுத்தடுத்து நீந்தும் தனிநபர் மெட்லி 400 மீட்டர் போட்டியில், சுவீடனின் குன்னார் லார்சன் அமெரிக்காவின் டிம் மக்கீயை விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வேறுபாட்டால் வென்றார். அவ்வேறுபாடு அவர்கள் நீந்திய வேகத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எட்டுத் தடங்களின் நீளமும் அந்த அளவுக்குச் சமமாக இருக்கும்படி குளத்தைக் கட்டுவது அரிது. பின்னர் நூறில் ஒரு பங்கு விநாடியோடு அளவையை நிறுத்தி, அதற்குள் வேறுபடாதோரைச் சமமானவர்களாகக் கொள்ளும் விதி வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் அண்டை நாடான சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் தங்கம் வெல்ல, அவருக்குப் பின் மைக்கேல் பெல்ப்ஸ், சாட் லே குளோஸ், லாஸ்லோ செக் ஆகிய மூவரும் 51.14 விநாடியில் வந்து வெள்ளியைப் பகிர்ந்தது இவ்விதியின் பயன். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒத்து நோக்குவதைச் சித்தாந்தம் இருவினையொப்பு என்கிறது. அது முயற்சியைக் கைவிடுவதன்று. முழுமையாக முயன்றவன், முடிவைக் கொண்டு தன்னை அளக்காமல் இருத்தல். மூவரும் சமம் என்று பலகை காட்டிய அத்தருணத்தில் எவருடைய உழைப்பும் சிறிதும் குறைந்துவிடவில்லை.

முயற்சியை அடக்குவதும் முயற்சியின் ஒரு பகுதியே என்பதை டேப்பர் என்னும் சொல் உணர்த்துகிறது. பல மாதங்கள் கடுமையாகப் பயின்ற நீச்சல்காரர், பெரும்போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாகப் பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, களைத்த உடல் தன் வலிமையைத் தானே மீட்டுக்கொள்ள விடுவார். பயிலாதவர் ஓய்வெடுத்தால் அது டேப்பர் ஆகாது. வைணவத்தில், தாயைத் தான் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் சரணாகதிக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு வாதித்தனர். மலபரிபாகம், அதாவது மலத்தின் பக்குவம், நிகழ்ந்த பின்னரே சத்திநிபாதம், அதாவது அருளின் பதிவு, உண்டாகும் எனச் சைவர் முறைப்படுத்தினர். டேப்பர் இவ்வாதங்களைத் தீர்த்துவிடாது. ஏனெனில் அது நாள் குறித்துச் செய்யப்படும் கணக்கு, அருளோ கணக்குக்கு அடங்காதது. ஆனால் விட்டுக்கொடுத்தலை முயற்சியின் எதிர்ப்பதமாக எண்ணுவது பிழை என்பதை மட்டும் அது ஐயமற நிறுவுகிறது.

உவமை முறியும் இடமும் உண்டு. ஐம்பது மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்துபவர் முடிவில் தொடுவது தாம் புறப்பட்ட சுவரையே; சுற்றிச் சுற்றி வருவதே அங்கு வெற்றியின் வடிவம். கரைக்கு நீந்தும் நெடுந்தூர நீச்சலே சமயத்தின் உவமைக்கு நெருங்கியது. 1954இல் பாக்கு நீரிணையைக் கடந்த ஈழத்து மு. நவரத்தினசாமியும், 1971இல் அதை இருவழியும் கடந்து, 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்துறந்த வல்வெட்டித்துறை ஆனந்தனும், 2003இல் அக்கால்வாயைக் கடந்த முதல் மலேசியரான அப்துல் மாலிக் மைடினும் அத்தகைய நீச்சலுக்குச் சான்றாவர். ஆங்கிலக் கால்வாய் நீச்சலில் துணைப்படகு உடன்வந்து திசை காட்டும், உணவு நீட்டும்; ஆனால் எவரேனும் நீந்துபவரைத் தொட்டுத் தாங்கினால் அம்முயற்சி செல்லாதாகிவிடும். சமயம் இவ்விடத்தில்தான் விளையாட்டினின்றும் முற்றாகப் பிரிகிறது. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கடலூர்க் கரையை அடைந்தது அவருடைய நீச்சலால் அன்று என்று சைவர் போற்றுகின்றனர். குரு மாணவனைத் தொட்டு அருளும் பரிச தீட்சையை ஞானத்தின் வாயில்களுள் ஒன்றாக எண்ணுகின்றனர். தொடுதல் அங்கே தகுதியை நீக்குவது, இங்கே தகுதியை அளிப்பது.

போட்டியின் நேர்மை, ஒருவருடைய உழைப்பைப் பிறருடைய உதவியினின்றும் கலப்பின்றிப் பிரித்தெடுப்பதில் உள்ளது. அப்பிரிவு இல்லாவிடில் பதக்கத்துக்குப் பொருளே இராது. சமயத்தின் உறுதியோ அப்பிரிவு இறுதியில் நில்லாது என்பதில் உள்ளது. ஆகவே முயற்சியா, அருளா என்று கேட்பவர், கணக்கு எழுத வேண்டிய இடத்தில் நிற்கிறாரா, கணக்கைக் கடந்த இடத்தில் நிற்கிறாரா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பிறனுக்குத் தடமும் குளமும் அமைத்துத் தரும் கடமை முதலாவது இடத்துக்கு உரியது. தான் அடைந்ததற்கு நன்றி கூறும் கடமை இரண்டாவதற்கு உரியது. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிப்பவர் நீச்சலையும் அறியார், அருளையும் அறியார்.