ப்ரஹ்லாதன் கேட்ட வரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இன்று அடங்கியிருக்கும் திருநீர்மலை, திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து, நான்காம் திருமொழியில் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசம். அடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற திருக்கோலத்திலும், மலைமேல் அரங்கநாதன் கிடந்த திருக்கோலத்திலும், உலகளந்தான் நடந்த திருக்கோலத்திலும் ஸேவை ஸாதிக்கிறார்கள். இருந்த திருக்கோலத்தில் எழுந்தருளியிருப்பவனோ சாந்த நரஸிம்ஹன். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் சற்றே நின்று அநுபவிக்க வேண்டிய ஸந்நிதி இது.

ஏனெனில், நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு எம்பெருமானை முதலில் அறிமுகப்படுத்தும் வார்த்தை பெரும்பாலும் "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்பதாகவே இருக்கிறது. ஸ்ரீபாகவதம் ஏழாம் ஸ்கந்தம் கூறுவது வேறு. இரணியவதத்திற்குப் பின் தேவர்களும், பெரிய பிராட்டியாருங்கூட அருகில் செல்லத் தயங்கியபோது, அஞ்சாமல் சென்றவன் சிறுவனான ப்ரஹ்லாதன் ஒருவனே. அவன் தலைமேல் எம்பெருமான் தன் திருக்கையை வைத்தருளினான். குழந்தை அஞ்ச வேண்டாத தெய்வம் நம்முடையது. அச்சத்தால் சொல்லும் உண்மை, அச்சம் நீங்கினால் தானும் நீங்கிவிடும்; அன்பால் வந்த உண்மையே நிலைக்கும்.

ப்ரஹ்லாதனுக்குக் கல்விக்குக் குறைவில்லை. சுக்ராசாரியரின் குமாரர்களான சண்டனும் அமர்க்கனும் ஸாம, தான, பேத, தண்டம் எனும் உபாயங்களையெல்லாம் கற்பித்தார்கள். நண்பனிடம் எப்படி, பகைவனிடம் எப்படி என்பதே அப்பாடத்தின் ஸாரம். எல்லாருள்ளும் எம்பெருமான் உறைகிறான் என்று அறிந்தபின் நண்பன் யார், பகைவன் யார் என்பதே குழந்தையின் கேள்வி. உடன் பயில்பவனைப் போட்டியாளனாகவே காணப் பழக்கும் இக்காலத்தில், இக்கேள்வியை நம் குழந்தைகள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்?

ஆளவந்தார் புராண ரத்நம் என்று கொண்டாடிய ஸ்ரீவிஷ்ணுபுராணம் இதை நிகழ்ச்சியாகவே காட்டுகிறது. புரோகிதர்கள் ப்ரஹ்லாதனைக் கொல்ல ஏவிய க்ருத்யை என்னும் பூதம், திரும்பி அவர்களையே மாய்த்தது. "வேண்டும் இவர்களுக்கு" என்று அவன் மகிழவில்லை. நஞ்சிட்டவர், தீயிலிட்டவர், யானையை ஏவியவர் எவரிடத்தும் தனக்குப் பகையில்லை என்பது மெய்யானால் இவர்கள் உயிர்பெறுக என்று வேண்டினான். அவர்களும் எழுந்து அவனை ஆசீர்வதித்தார்கள். நற்பண்பு என்று தனியே பாடம் நடத்தத் தேவையில்லை. தூணிலிருந்து சிங்கம் தோன்றிய இடத்தோடு கதையை முடித்துவிடாமல், இப்பகுதியையும் சொன்னாலே போதும்.

இனி ப்ரார்த்தனை. வணிகவியல் பயின்று, வங்கிக் கணக்கேடுகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நமக்கு, வரவும் பற்றும் நன்கு தெரியும். ஆயினும் தேர்வுக்கு முன் இத்தனை ப்ரதக்ஷிணம், மதிப்பெண் வந்தால் இத்தனை காணிக்கை என்று குழந்தைக்குப் பழக்குவது கணக்கே ஒழிய பக்தியன்று. நரஸிம்ஹன் வரம் தர முன்வந்தபோது, பயன் வேண்டித் தொண்டு செய்பவன் தொண்டனல்லன், வணிகன் என்னும் கருத்தை விண்ணப்பித்தவன் ப்ரஹ்லாதன். ஆசையே மனத்தில் முளையாதிருக்க வேண்டினான். பின்னர், தன்னைத் துன்புறுத்திய தந்தை தூய்மை பெற வேண்டுமென்று கேட்டான். 21 தலைமுறையோடு உன் தந்தை தூய்மை பெற்றான் என்று எம்பெருமான் அருளினான்.

ஆகவே, உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும், இரவில் உறங்குமுன் குழந்தையை அருகில் இருத்தி ஒரு கதை சொல்வோம்; ஒரு பாசுரம் சேர்ந்து ஸேவிப்போம். முடிவில், அன்று தன்னோடு சண்டையிட்ட தோழனுக்காகக் குழந்தை ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளட்டும். நாமும் நம்மிடம் மாறுபட்ட ஒருவருக்காக அக்குழந்தை கேட்கும்படி வேண்டிக்கொள்வோம். பெரியோர் செய்யாததைச் சிறியோர் செய்யார். ப்ரஹ்லாதன் கேட்ட வரத்தைக் கேட்கத் தெரிந்த ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், அவ்வீடே ஒரு நீர்மலையாகும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.