'ஷால்ட்' என்னும் பழஞ்சொல்



பழைய ஆங்கிலச் செபப்புத்தகத்தில் பத்துக் கற்பனைகளை வாசிக்கும் பிள்ளைகள் 'ஷால்ட்' என்ற சொல்லிலே தடுக்கி நிற்பார்கள். இக்காலப் பேச்சில் அது வழங்குவதில்லை. வேதாகமத்துக்கென்று செய்த அலங்காரச் சொல் என்று பெரியவர்களும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று.

முற்காலத்து ஆங்கிலேயர், நம்முடைய 'நீ', 'நீங்கள்' போல, ஒருவனை 'தவ்' என்றும் பலரை 'யீ' என்றும் அழைத்தார்கள். வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். பலருக்கானால் 'ஷால்', ஒருவனுக்கு மாத்திரம் 'ஷால்ட்'. பின்னர் மரியாதையின் பொருட்டு ஒருவனையும் பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவிற்று. 17-ம் நூற்றாண்டில் பொதுப்பேச்சினின்று 'தவ்' மறைய, 'ஷால்ட்'டும் அதனோடு போயிற்று. ஆனால் தேசத்தை விட்டு வெளியேறி வாழ்ந்த ஆங்கிலக் கத்தோலிக்கர், 1582-ல் ரேம்ஸ் நகரில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். 1609, 1610-ல் டூவே நகரில் வந்த பழைய ஏற்பாட்டிலும் அப்படியே.

இதனால் நமக்கென்ன என்பீர்கள். சீனாய் மலையடியில் நின்றது பெருங்கூட்டம். ஆயினும் எபிரேய மொழியில் சர்வேசுரன் கற்பனைகளைச் சொன்னது ஒருமையில். நமது பழைய செபப்புத்தகத்திலும் 'இருப்பாயாக' என்றுதான் உண்டு; 'இருப்பீர்களாக' என்றில்லை. கூட்டத்துக்கு இட்ட கட்டளையானால் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். எடைக்கல்லைக் குறைக்கிற வியாபாரி, "ஊரிலே எல்லாருந்தான் செய்கிறார்கள்" என்பான். பங்காளி வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னவனும் அதையே சொல்லுவான். 'ஷால்ட்' ஊரை ஒதுக்கிவிட்டு அவனை மாத்திரம் நிறுத்தி வைக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அண்டைவீட்டாருடைய பாவங்களை விஸ்தாரமாய்ச் சொல்லுகிற நல்லவர்களும் உண்டு. அவர்களுக்கும் இந்த இலக்கணம் உதவும்!

இன்னொன்றும் உண்டு. இந்தச் சொல்லின் ஆதிப் பொருள் 'கடன்பட்டிருக்கிறாய்' என்பதே. ஜெர்மானியர் கடனுக்கும் குற்றத்துக்கும் வழங்குகிற 'ஷுல்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஆகவே பிறர் பொருளை எடுக்காதிருப்பது நமது பெருந்தன்மையல்ல. ஒவ்வொருவனும் தன் பேரில் எழுதப்பட்டு ஆண்டவருக்குத் தீர்க்கவேண்டிய கடன்.

கல்வாரியிலோ ஆண்டவரே தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார். தன்னை நினைத்தருளும்படி கேட்ட கள்ளனை நோக்கி, அன்றைக்கே மோட்சத்தில் தம்மோடு இருப்பாய் என்று வாக்களித்தார் (லூக். 23:43). ரேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருப்பதும் அதே 'ஷால்ட்' தான். களவு செய்யலாகாது என்ற கற்பனையைக் கேட்டும் கேளாமல் வாழ்ந்த அந்த ஒருவனுக்கு.