அற்புதக் கதைகளும் அறத்தின் அளவுகோலும்

இயற்கையின் எல்லையைக் கடந்து செல்லும் அற்புதக் கதைகளை, அதிலும் பகுதி பகுதியாக நீண்டு செல்லும் கதைத்தொடர்களை, கற்றோரும் மற்றோரும் விரும்புவது எக்காலத்துக்கும் பொதுவான உண்மையாகும். சிறுவர் அவற்றைப் படித்தால் அது பருவத்தின் இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. வளர்ந்தோர் படிக்கும்போதோ அவ்விருப்பம் ஒரு குறைபாடாகவே எண்ணப்படுகின்றது. துன்பம் மலிந்த உலகில் வாழும் ஒருவன் மந்திர மோதிரத்தின் கதையிலும் நாகமணியின் கதையிலும் நெஞ்சைப் பறிகொடுத்தல் தகுமா? அது வாழ்க்கையினின்றும் தப்பியோடுதல் ஆகாதா? இவ்வினா இலக்கியச் சுவை பற்றியது மட்டுமன்று, அறம் பற்றியதுமாகும். வன்னிப் பெருநிலப்பரப்பை முன்னிறுத்தி இதனை ஆராய்வது பொருத்தமுடையது. அற்புதக் கதையொன்று ஆண்டுதோறும் மீள நினைக்கப்படும் நிலமும், அக்கதை கூறும் நீதி கொடுமையாகப் பொய்த்துப்போன நிலமும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

மேலைநாட்டில் இவ்வகைத் தொடர்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தது ரொல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த மோதிரக் கதையாகும். 1968இல் தொடங்கிய ஊர்சுலா லெ குவினின் ஏர்த்சீ கதைகளும், 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ரோலிங்கின் ஹரி பொட்டர் கதைகளும் அதன் பின்வந்தவை. தமிழ் வாசகர்க்கு இச்சுவை புதியதன்று. 1947இல் சென்னையிற் தொடங்கப்பெற்ற அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் இதழுக்கு இதழ் மீண்டும் மீண்டும் தோன்றினர். அவர்தம் மூலக்கதைகள் 11ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இடம்பெற்றுள்ளன.

வன்னியின் அற்புதக் கதைத்தொடரோ அச்சேறிய நூலினும் முற்பட்டது. முல்லைத்தீவுப் பகுதியிற் சிலம்புகூறல் எனவும், யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை எனவும், மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை எனவும் வழங்கும் பாடல் மரபும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் சேர்ந்து ஒரு பெருந்தொடராகவே அமைகின்றன. இளங்கோவடிகள் கூறாதனவெல்லாம் இம்மரபிலே கூறப்படுகின்றன. கண்ணகி மாங்கனியில் தோன்றினாள். பாண்டியனின் நெற்றிக்கண் அக்கனியால் மறைந்தது. பேழையிலிட்டுக் கடலில் விடப்பட்ட குழந்தை வணிகன் மனையில் வளர்ந்தது. அவளது சிலம்புக்கு வேண்டிய நாகமணியைப் பெறுவதற்காக மீகாமன் கடலோடி வருகின்றான். நெடுந்தீவை ஆண்டவன் என மரபு கூறும் வெடியரசனோடு பொருகின்றான். மதுரை எரிந்த பின்னரும் கதை முடிவதில்லை. சினத்தோடு ஈழம் வந்த கண்ணகி இடந்தோறும் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய பளையே வற்றாப்பளை என்பது வழக்கு. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவர் முன் அவள் ஒரு முதியவளாகத் தோன்றினாள் என்பதும், விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி ஏற்றுமாறு பணித்தாள் என்பதும், பேன் பார்க்கச் சொன்னபோது அவள் தலையிற் சிறுவர் ஆயிரம் கண்களைக் கண்டனர் என்பதும் அக்கோயிலின் ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டுக் கடலிலிருந்து உப்புநீர் எடுத்து வந்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவர்.

இவ்வாறான தொடர்களில் வாசகரும் கேட்போரும் விரும்புவது யாது? முதலாவதாகச் சுட்டத்தக்கது மீண்டு வருதலின் இன்பமாகும். விடியும்வரை கூத்துப் பார்ப்பவன் கோவலன் கொலையுண்பான் என்பதை அறியாதவன் அல்லன். அறிந்திருந்தும் அவன் வருகின்றான். முடிவை அறிந்துகொள்ளும் ஆவலே கதைச்சுவை என்பார் கூற்று இதனால் வலுவிழக்கின்றது. முடிவு தெரிந்த கதையிற் கவனம் ஆவலினின்றும் விடுபட்டு, நிகழ்ந்தது தகுமா எனும் வினாவிலே தங்குகிறது. ஒரு தொடரைப் பன்முறை படிப்போர் அனைவர்க்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, குடியிருக்கத்தக்க ஓர் உலகம். ரொல்கீன் தம் உலகுக்கு மொழிகளையும் வரலாற்றையும் வரைபடத்தையும் ஆக்கினார். வன்னி மக்களுக்கோ வரைபடம் வேண்டியதில்லை. நந்திக்கடலில் வலை வீசுபவனும் அதன் கரையில் மாடு மேய்ப்பவனும் அக்கதையின் நிலத்திலேயே வாழ்கின்றனர். ஆயிரம் கண்ணுடையாள் நடந்த மணலில் நடக்கிறோம் என்ற எண்ணம் அன்றாடத் தொழிலுக்கும் ஒரு கனத்தைக் கொடுக்கின்றது.

மூன்றாவதே முதன்மையானது. அற்புதக் கதையில் எதுவும் நிகழலாம், அங்கு விதி கிடையாது என்பது பொதுவாக நிலவும் கருத்து. உண்மை இதற்கு மாறானது. நல்ல அற்புதக் கதையில் நடைமுறை உலகினும் கடுமையான விதி ஆட்சி செய்கின்றது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடின் விக்கிரமனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். உண்மையைச் சொல்லுதலும் எடுத்த கருமத்தை முடித்தலும் அங்கே முரண்படுகின்றன. விக்கிரமன் ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிக் கருமத்தை இழக்கின்றான். லெ குவினின் கதையில், செருக்கினால் ஓர் இருள் நிழலை ஏவிவிட்ட இளைஞன் அதற்குத் தன் பெயரையே சூட்டி அழைக்கும்வரை விடுதலை பெறுவதில்லை. மோதிரக் கதையில், அழிவின் விளிம்பில் நாயகனே மோதிரத்துக்கு அடிமையாகின்றான். முன்னர் இரக்கத்தால் உயிரோடு விடப்பட்ட ஓர் இழிந்த உயிராலேயே உலகம் காப்பாற்றப்படுகின்றது. கண்ணகியோ சினத்தை மட்டும் நம்பி அரசவைக்குச் செல்லவில்லை. சிலம்பை உடைத்துச் சான்று காட்டிய பின்னரே தீயை ஏவுகின்றாள். செயலுக்குப் பயன் உண்டு, பெற்றதற்கு விலை உண்டு, குற்றத்துக்குச் சான்று வேண்டும் என்ற ஒழுங்கையே வாசகர் இக்கதைகளில் நாடுகின்றனர்.

இந்நாட்டத்தை ஐயத்தோடு நோக்கியோர் உளர். 1960களிலும் 1970களிலும் ஈழத்து முற்போக்கு விமர்சகர் யதார்த்தத்தையே இலக்கியத்தின் உரைகல்லாகக் கொண்டனர். மக்களின் உழைப்பையும் ஒடுக்குமுறையையும் காட்டாத எழுத்து அவர்களைத் துயில வைக்கும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தைப் புறக்கணித்தல் இயலாது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் நிலக்கிளி தண்ணிமுறிப்பின் காட்டையும் மனிதரையும் உள்ளவாறே காட்டியதனாலன்றோ வன்னி தமிழ் நாவலுலகில் நிலைபெற்றது. ரொல்கீன் இக்குற்றச்சாட்டுக்கு 1939ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் விடை கூறினார். சிறையிலிருப்பவன் தப்பிச் செல்லுதலும் போர்க்களத்தை விட்டு வீரன் ஓடுதலும் ஒன்றல்ல என்பது அவ்விடையின் சாரம். முதலாம் உலகப்போரின் சொம் களத்தைக் கண்டவர் கூறியது என்பதால் அதற்கு மதிப்பும் உண்டு. ஆயினும் அது முழுமையான விடையன்று. சிறையினின்றும் தப்பியவன் மெய்யாகவே வெளியேறிவிடுகின்றான். கதையைப் படித்து முடித்தவனோ தான் இருந்த இடத்திலேயே இருக்கின்றான். எனவே கதை அவனுக்கு எதைக் கொடுத்தது என்பதே வினா.

இவ்வினா வன்னியிலே மிகவும் கூர்மையடைகின்றது. இளங்கோவடிகளின் காப்பியத்தில் தீக்கடவுள் தோன்றி எவரை விலக்குவது எனக் கண்ணகியிடம் வினவுகின்றான். அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விலக்கித் தீயோரையே சேருமாறு அவள் ஆணையிடுகின்றாள். கதையின் அற்புதங்களுள் மிகப் பெரியது இதுவே. உப்புநீரில் விளக்கு எரிவதினும், தலையில் ஆயிரம் கண் தோன்றுவதினும், யாரை எரிக்கக்கூடாது என்று அறிந்த தீயே நம்புதற்கு அரியது.

2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை, அதே நந்திக்கடலை நோக்கி மக்கள் நெருக்கப்பட்டனர். மும்முறை பாதுகாப்பு வலயங்கள் அறிவிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அவ்வலயங்கள் மீது அரச படையினர் எறிகணை வீசினர் என்பதையும், தப்பிச் செல்ல முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் சுட்டனர் என்பதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாக ஏற்றது. முதியோரையும் குழந்தையையும் அத்தீ விலக்கவில்லை. மே 18ஆம் நாள் போர் முடிவுற்றபோது உயிரோடிருந்தோர் வவுனியா மாவட்டத்தின் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தாயொருத்தி தன் பிள்ளையை இழந்த கரையும், கண்ணகி சிறுவரோடு பேசிய கரையும் வேறன்று. தீ நல்லோரை எரிக்காது எனக் கூறிய கதையை அதன்பின் என்னென்று கொள்வது? அது பொய்யுரைத்ததா?

உலகம் இப்படி நடக்கிறது எனக் கதை அறிவித்திருப்பின் அது பொய்யே. அவ்வாறு எடுத்துக்கொள்ளும் வாசகனை அது ஏமாற்றவும் செய்யும். நல்லோர்க்குத் தீங்கு வராது என்று நம்பியவன், தீங்கு வந்தோரைக் கண்டு அவர் நல்லோர் அல்லர் என்று முடிவு கட்டக்கூடும். இது அற்புதக் கதை விளைக்கத்தக்க முதற்கேடு. இரண்டாவது கேடு இதனினும் கொடியது. தன் பக்கத்துத் தீ கண்ணகியின் தீயைப் போன்றது, அது தீயோரை மட்டுமே எரிக்கும் என்று எண்ணுதலே அது. பகைவர் யாவரும் பிறவியிலேயே தீயோர் எனக் காட்டும் கதைகள் இவ்வெண்ணத்தை வளர்க்கின்றன. மோதிரக் கதையில் வரும் ஓர்க் எனும் கூட்டத்தார் இரக்கத்துக்கே உரியவர் அல்லரா என்ற சிக்கல் பிற்காலத்தில் அதன் ஆசிரியரையே வருத்தியது. ஈழத்திலும் இதற்குச் சான்று உண்டு. தமிழர் கண்ணகியென வழிபடும் தெய்வத்தையே சிங்கள மக்கள் பத்தினி எனப் போற்றுகின்றனர். ஒரே கதையைக் கேட்டு வளர்ந்த இரு சாராரும் தத்தம் தீயைத் தூயதெனக் கருத அக்கதை தடையாய் இருக்கவில்லை.

ஆயினும் கதையை இன்னொரு வகையாகவும் கொள்ளலாம். முழக்கோல் சுவரின் வளைவை நிமிர்த்துவதில்லை. வளைவு எவ்வளவு என்று காட்டுகின்றது. சுவர் வளைந்திருப்பதனால் கோல் பொய்யாவதில்லை. யாரை விலக்கவேண்டும் என்று தீக்கு இடப்பட்ட ஆணையும் அத்தகையதே. பேரழிவைக் காண்போர் காலப்போக்கில் அதனை இயற்கையென எண்ணத் தலைப்படுவர். போர் என்றால் இப்படித்தான் எனும் கூற்று எல்லாத் தரப்பிலும் எழும். கண்ணகி கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவனால் அதனை ஏற்க இயலாது. தெய்வத்தின் சினமே குழந்தையை விலக்கிற்று எனின், மனிதரின் ஆயுதத்துக்கு அதனினும் மேலான உரிமை எங்ஙனம் வந்தது என அவன் கேட்பான். நேர்ந்ததை விதியென்னாது அநீதி என்று பெயரிட்டு அழைக்கும் ஆற்றலே கதை அவனுக்குக் கொடுத்தது. பெயரிட்டவன், கண்ணகி செய்தது போலச் சான்றைத் தேடுவான். வழக்குரைக்க ஓர் அவையை நாடுவான். காணாமற் போன தம் உறவுகளுக்காக 2017ஆம் ஆண்டு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அத்தகைய ஒரு வழக்கின் தீர்ப்பையே. கதை அவர்களை அங்கு அனுப்பியது எனக் கூறுவது மிகை. அவர்கள் செய்வது யாது என்பதை உணர்ந்துகொள்ள அக்கதை பிறர்க்கு உதவும் எனக் கூறுவது மிகையன்று.

இந்நோக்கிற் பார்ப்பின், வாசகரின் விருப்பத்தைத் தப்பியோடுதல் என இகழ்வதற்கு இடமில்லை. அவ்விருப்பத்துக்கு ஒரு கடமை உண்டு என்பதே கூறத்தக்கது. அற்புதத்தை விரும்புவோன் அதன் விலையையும் சேர்த்தே விரும்புதல் வேண்டும். காப்பியத்தில் அரசன் மாண்டும் நகர் எரிந்தும் கண்ணகி இழந்த இல்லறம் மீளவில்லை. மோதிரத்தைச் சுமந்தவனின் காயம் ஆறவில்லை. தான் காத்த ஊரில் அவனால் வாழவும் முடியவில்லை. வெற்றியை மட்டும் பரிசளித்து இழப்பை மறைக்கும் தொடர்கள் பல அச்சாகின்றன. அவை ஒருமுறை படித்து மறக்கப்படுவதற்கும், மேற்கூறியவை பன்முறை படிக்கப்படுவதற்கும் காரணம் இதுவே போலும்.

வன்னியின் மரபு இன்னுமொரு படி மேலே சென்றுள்ளமை ஈண்டு நோக்கற்பாலது. மதுரையின் எரியோடு கதையை நிறுத்த மக்கள் உடன்படவில்லை. சினந்த தெய்வம் குளிரவேண்டும் என்று அவர்கள் கருதினர். மட்டக்களப்பின் குளிர்த்திச் சடங்கும் வற்றாப்பளையின் பொங்கலும் அக்கருத்தின் வெளிப்பாடுகளே. நீதி கேட்டு எழுந்த சினம் நியாயமானது; ஆயின் அது என்றென்றும் எரிந்துகொண்டிருத்தல் வாழ்வுக்கு ஒவ்வாது என்ற இரண்டையும் அவர்கள் ஒருங்கே ஏற்றனர். எனினும், முதலில் வழக்குரை, பின்னரே குளிர்ச்சி என்பதே அம்மரபின் வரிசை. வழக்குக் கேட்கப்படாமலே குளிருமாறு எவரையும் அது பணிப்பதில்லை. போருக்குப் பிந்திய சமூகமொன்றுக்கு நீதியையும் நல்லிணக்கத்தையும் பற்றி எழுதப்படும் நூல்கள் நெடிது விவாதிக்கும் இவ்வொழுங்கை, எழுத்தறியாதாரும் கேட்டு மகிழ்ந்த ஓர் அற்புதக் கதை முன்னரே சொல்லி வைத்திருக்கின்றது.